ஏழையாகத் தோற்ற காலம்

2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை மாலை. நவராத்திரி. நியூயார்க்கின் குயின்ஸில் தெரிந்தவர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். ஏழு படி. தசாவதாரம், மரப்பாச்சி, செட்டியார் கடை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, கீழ்ப்படியின் ஓரத்தில் பிள்ளைகள் பிளாஸ்டிக்கில் ஒரு சுதந்திர தேவியை நிறுத்தியிருந்தார்கள். ஒரு சிறுமி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். நான் பட்டுப்புடவை மடிப்புக்குள் கைபேசியை வைத்துக்கொண்டு, பாட்டுக்குத் தலையாட்டுகிற பாவனையில் குனிந்து குனிந்து ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் ஆண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த என் மகனும் அதையே செய்துகொண்டிருந்தான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

மயாமியில் எங்கள் பேஸ்பால் அணியான நியூயார்க் மெட்ஸ், அந்த ஊர் அணியான மார்லின்ஸோடு ஆடிக்கொண்டிருந்தது. 162 ஆட்டங்கள் கொண்ட சீசனில் அதுதான் கடைசி. கோப்பைக்கான அடுத்த சுற்றில் மீதமிருந்த கடைசி இடத்துக்கு எங்களோடு போட்டியிட்ட சின்சினாட்டி ரெட்ஸ் அதே நேரத்தில் மில்வாக்கியில் தோற்றுக்கொண்டிருந்தது. அதாவது கதவைத் திறந்து வைத்துவிட்டு எதிராளி விலகி நிற்கிறான். நாங்கள் உள்ளே நுழைந்தால் போதும். நான்காவது இன்னிங்ஸில் மார்லின்ஸ் நான்கு ரன் எடுத்தது. ஐந்தாவதில் எங்களுக்கு மூன்று பேஸிலும், அதாவது ரன்னுக்கு ஓடும் வழியில் உள்ள மூன்று நிறுத்தங்களிலும், ஆள் நிற்க, மட்டையோடு வந்தார் பீட் அலோன்சோ. மணிக்கு 110 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் அடித்தார். அப்படிப்பட்ட அடி பெரும்பாலும் ஆளில்லாத இடத்தில் போய் விழும். அது நேராக லெஃப்ட் ஃபீல்டரின் கையுறைக்குள் போயிற்று.

"ஐயோ" என்றேன். சுண்டல் கிண்ணத்தை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டு அக்கா பதறி, "சுட்டுவிட்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கொண்டைக்கடலைச் சுண்டல் அப்போது முழுக்க ஆறியிருந்தது.

4-0. மெட்ஸும் ரெட்ஸும் 83 வெற்றி, 79 தோல்வி என்று சமமாக முடித்தன. நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களில் ரெட்ஸ் கை ஓங்கியிருந்ததால் அவர்கள் உள்ளே, நாங்கள் வெளியே. பேஸ்பால் சரித்திரத்தில் பணத்தை மிக அதிகமாகக் கொட்டிய அணிகளில் ஒன்று, சம்பளச் செலவில் அடிமட்டத்தில் இருந்த அணிகளில் ஒன்றிடம் ஒரு ரன்கூட எடுக்காமல் சீசனை முடித்துக்கொண்டது.

நான் ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுகிறவள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில நூறு பேருடைய வேலை நேரம், ஓவர்டைம், பிடித்தம், வரி எல்லாம் என் மேசையைக் கடந்துதான் போக வேண்டும். யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது தெரியும். அதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் தெரியும். இந்த வேலையில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. லிஃப்டில் ஒருவர் வந்து நின்றால் அவர் பெயர் நினைவுக்கு வருவதற்கு முன் அவருடைய தொகை வந்துவிடும். பல வருடங்களாக அந்தப் பழக்கம் எட்டாத ஒரே இடமாக எனக்குப் பேஸ்பால் இருந்தது. இப்போது அங்கேயும் வந்துவிட்டது. என் புகார் அதுதான். தோல்வியைப் பற்றிய புகார் இரண்டாம்பட்சம்.

2006இல் திருமணமாகி இந்த ஊருக்கு வந்தேன். இரண்டு மாடி வீட்டில் மேல்தளம் எங்களுக்கு, கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பின்வாசல் படியில் ரேடியோவோடு உட்கார்ந்திருப்பார். புரூக்ளினில் பிறந்தவர், அவருடைய டாட்ஜர்ஸ் 1957 சீசனோடு நியூயார்க்கை விட்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனபோது அவருக்கு ஒன்பது வயது. ஜயன்ட்ஸும் அதே நேரத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பிவிட்டது. 1962இல் மெட்ஸ் பிறந்தபோது டாட்ஜர்ஸின் நீலத்தையும் ஜயன்ட்ஸின் ஆரஞ்சையும் சேர்த்து உடுத்திக்கொண்டது. ஓடிப்போன இரண்டு பேரின் பழைய துணியைப் போட்டுக்கொண்டு வந்த குழந்தை என்பார் அவர். முதல் வருடமே 120 தோல்வி. அந்த அணியை நேசிக்க ஒரு தனி மனது வேண்டும். அவருக்கு அது இருந்தது. துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் நின்று நின்று கேட்டதில் எனக்கும் தொற்றிக்கொண்டது.

அந்த அக்டோபரிலேயே எனக்கு முதல் பாடம் கிடைத்தது. கார்டினல்ஸுக்கு எதிரான தொடரில் ஏழாவதும் கடைசியுமான ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட். கார்லோஸ் பெல்ட்ரான் மட்டையை அசைக்காமல் ஆடம் வெயின்ரைட்டின் வளைபந்து மூன்றாவது ஸ்டிரைக்காக, அதாவது அவுட்டாக, போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சீசன் முடிந்தது. வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டு, குளிர் வரப்போகிறது, ஜன்னல்களுக்கு அடைப்புப் போட வேண்டும் என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் 17 ஆட்டங்கள் மீதமிருக்க ஏழு ஆட்டம் முன்னிலையில் இருந்து, அதையும் தொலைத்தார்கள். 2008இல் மறுபடியும் கடைசி நாளில் தோற்று வெளியேறினார்கள். அதுதான் எங்கள் பழைய மைதானமான ஷே ஸ்டேடியத்தின் கடைசி ஆட்டம். தேதி செப்டம்பர் 28. 2007, 2008 இரண்டு வருடமும் கடைசி நாளில் எதிரே நின்றது மார்லின்ஸ். கொலு வீட்டிலிருந்து திரும்பி வந்து கீழ்வீட்டுக் கதவைத் தட்டியபோது அவர் முதலில் சொன்னதும் அதுதான்: "மறுபடியும் அவர்களேதான், இல்லையா?"

பிறகு வந்தவை பஞ்ச காலம். 2008 டிசம்பரில் பெர்னார்ட் மேடாஃப் முதலீட்டு மோசடிக்காகக் கைதானபோது, மெட்ஸின் அப்போதைய உரிமையாளர்களான வில்பான் குடும்பத்தின் பணமும் அந்த மோசடிக்குள் மாட்டியிருந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகு நியூயார்க் என்ற பெருநகரத்தின் அணி, ஏதோ சிற்றூர் அணியைப் போலக் காசை எண்ணி எண்ணிச் செலவு செய்தது. 2011இல் ஹோஸே ரெயஸ் லீக்கின் மிகச் சிறந்த பேட்டிங் சராசரியோடு முடித்தார். கடைசி நாளில் மட்டையால் பந்தை மெல்லத் தொட்டுவிடும் ஒரு பன்ட் தட்டி ஓடி, அந்தச் சராசரி குறையாமல் இருக்க ஆட்டத்திலிருந்து வெளியே போய்விட்டார். அதுவும் செப்டம்பர் 28தான். பஞ்சாங்கத்தில் அந்த நாளைச் சுற்றிவைக்க வேண்டும். சில வாரங்களில் மார்லின்ஸ் அவரை 10.6 கோடி டாலருக்கு வாங்கிப்போனது. எங்களால் கொடுக்க முடியவில்லை.

ஆனால் எனக்கு அந்தக் காலம் பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். தோற்றால் காரணம் கையிலேயே இருக்கும்: முதலாளியிடம் பணமில்லை. ஜெயித்தால் அது அதிசயம். 2012 ஜூன் 1 அன்று ஜோஹான் சன்டானா 134 பந்து எறிந்து, எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் முடித்தபோது, அணியின் ஐம்பது வருட வாழ்வில் அதுதான் முதல் முறை. இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசல் படியில் நின்று கேட்டேன். 2015இல் ஜேக்கப் டிகிராம், மேட் ஹார்வி, நோவா சின்டர்கார்ட் என்று பெரிய சம்பளத்தை இன்னும் எட்டாத இளம் பிட்சர்களை, அதாவது பந்து எறிபவர்களை, வைத்துக்கொண்டு கோப்பைக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடர் வரை போனார்கள். கான்சாஸ் சிட்டியிடம் தோற்றார்கள். தெருவில் யாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவில்லை.

மெட்ஸ் வீரராக இருந்த பாபி போனியாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், என் தொழிலுக்கு அது புராணக் கதை. 2000ஆம் ஆண்டு அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த 59 லட்சம் டாலரை உடனே கொடுக்காமல், 8 சதவீத வட்டியோடு தள்ளிப்போட்டார்கள். 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் அவருக்கு 11,93,248 டாலர் 20 சென்ட் போகிறது. அவர் ஆடுவதை நிறுத்தி இருபது வருடங்களுக்கு மேலாகிறது. அந்த 20 சென்ட்டைப் படித்தபோது, எங்கோ என்னைப்போல் ஒருத்தி உட்கார்ந்து அந்த வரியைச் சரிபார்க்கிறாள் என்று தோன்றியது.

2020இன் இறுதியில் ஸ்டீவ் கோஹன் அணியைச் சுமார் 240 கோடி டாலருக்கு வாங்கினார். லாங் ஐலண்டில் சிறுவனாக மெட்ஸ் பார்த்து வளர்ந்தவர். பங்குச் சந்தை முதலீட்டு நிதிகளில் பெரும் பணம் சேர்த்தவர். மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள் உலகத் தொடரை வெல்லாவிட்டால் தனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று முதல் பேட்டியிலேயே சொன்னார். எங்கள் பக்கத்தில் பட்டாசு வெடிக்காத குறை. வீட்டுக்காரர் மட்டும், "இனிமேல் நமக்குச் சாக்கு கிடையாது" என்றார். வயதானவர்களின் அவநம்பிக்கை என்று அப்போது நினைத்தேன்.

ஐபிஎல்லில் எந்த அணியும் ஏலத்தில் குறிப்பிட்ட கோடியைத் தாண்ட முடியாது. அமெரிக்கப் பேஸ்பாலில் அப்படி உச்சவரம்பு கிடையாது. ஒரு தொகையைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவே. தாண்டத் தாண்ட வரி ஏறும். நான்காவதாக ஒரு உயர்ந்த படியைப் புதிதாகச் சேர்த்தபோது அதற்குக் கோஹன் வரி என்றே பெயர் வந்துவிட்டது. 2025இல் அந்தப் படி 30.1 கோடி டாலர். அதற்கு மேல் மெட்ஸ் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 1 டாலர் 10 சென்ட் வரி. ஒரு டாலர் சம்பளம் போட 2 டாலர் 10 சென்ட் ஆகும் கணக்கை என் மேலாளரிடம் கொண்டுபோனால் அவர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

2023இல் முதல் அடி விழுந்தது. மேக்ஸ் ஷெர்சர், ஜஸ்டின் வெர்லாண்டர் என்று நாற்பதை நெருங்கிய இரண்டு மகா பிட்சர்கள். ஆளுக்கு வருடம் 4.33 கோடி டாலர். அவர்கள் இருவரின் சம்பளம் மட்டுமே பால்டிமோர் அணி முழுவதன் சம்பளத்தைவிட அதிகம். பால்டிமோர் அந்த வருடம் 101 ஆட்டம் ஜெயித்தது. நாங்கள் 75. சீசன் தொடங்கும் முன்பே, உலகக் கோப்பை போன்ற ஒரு போட்டியில் போர்ட்டோ ரிக்கோவின் வெற்றியைக் கொண்டாடிக் குதித்ததில் எங்கள் பிட்சர் எட்வின் டியாஸின் முழங்கால் தசைநார் அறுந்தது. பந்து எறிந்து அல்ல, குதித்து. ஜூனில் 26 ஆட்டத்தில் 19 தோல்வி. ஜூலை முடிவதற்குள் ஷெர்சரை டெக்சாஸுக்கும், ஆகஸ்ட் 1 அன்று வெர்லாண்டரை ஹூஸ்டனுக்கும் அனுப்பிவிட்டார்கள். வாங்குகிற இடத்தில் சம்பளம் கட்டுப்படியாக வேண்டுமே, அதனால் அதில் ஒரு பங்கை மெட்ஸே தொடர்ந்து கட்டியது. அக்டோபரில் டெக்சாஸும் ஹூஸ்டனும் ஏழு ஆட்டம் மோதின. மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் இலை கிடைக்காமல் நின்றவன் கதைதான் எங்களுடையது. டெக்சாஸ் கோப்பையை வென்றது.

2024ஐ வேகமாகக் கடந்துவிடலாம். மில்வாக்கியில் ஒன்பதாவது இன்னிங்ஸில் அலோன்சோ வேலிக்கு வெளியே அடித்த அந்த ஹோம் ரன்னைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை கோபக் கட்டுரையாக இருக்காது.

அந்த டிசம்பரில் ஹுவான் சோட்டோ வந்தார். 15 வருடம், 76.5 கோடி டாலர். விளையாட்டு உலகத்திலேயே மிகப் பெரிய ஒப்பந்தம். அன்றிரவு என் மகன் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டான். "அம்மா, ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 3,15,000 டாலர்!" அது என்னுடைய நான்கு வருடச் சம்பளம். தோசையைத் திருப்பிப் போட்டேன். பொறாமை இல்லை, அவர் செய்வதை உலகத்தில் வேறு யாரும் செய்ய முடியாது. ஆனால் அன்றையிலிருந்து சோட்டோ ஒரு கீழ்ப்பந்தை விட்டுவிட்டு அவுட்டாகிப் போகும்போதெல்லாம் என் தலைக்குள் ஒரு மீட்டர் ஓட ஆரம்பித்தது.

சோட்டோவைக் குறை சொல்லவும் வழியில்லை. 2025இல் 43 ஹோம் ரன்; யாரும் அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேரும் பேஸ் திருட்டு 38. அலோன்சோ 38 ஹோம் ரன் அடித்தார்; அணியின் வரலாற்றில் அதிக ஹோம் ரன் அடித்தவர் என்ற பெயரையும் ஆகஸ்டில் வாங்கினார். பிரான்சிஸ்கோ லின்டோர் 31. ஜூன் 12 அன்று 45 வெற்றி, 24 தோல்வி, பேஸ்பாலிலேயே முதலிடம். அன்றைய ஆட்டத்தில் முதல் பேஸுக்கு ஓடிப்போய் ஒரு பந்தை எட்டிப் பிடித்த எங்கள் பிட்சர் கொடாய் செங்காவுக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு 38 வெற்றி, 55 தோல்வி.

ஒரு தொடைத்தசையில் ஒரு சீசன் அறுந்து விழுமா? விழும், ஏனென்றால் பின்னால் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. பேட்டிங்குக்கு அள்ளிக் கொடுத்த நிர்வாகம், ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களுக்கு மட்டும் சிக்கனம் பார்த்தது. காயத்திலிருந்து வந்தவர், சரிவிலிருந்து மீளப் பார்ப்பவர், ஓரிரு இன்னிங்ஸ் எறிந்து பழகியவரைத் தொடக்க பிட்சராக மாற்றியது என்று ஒட்டுப்போட்டுச் சமாளித்தார்கள். யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதை. தொடக்க பிட்சர் ஆறு இன்னிங்ஸ் தாங்கினால்தான் பின்னால் வருபவர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். கோடையில் பல வாரங்களுக்கு டேவிட் பீட்டர்சனைத் தவிர எவரும் ஆறைத் தொடவில்லை. புல்பென்னில் மாற்று பிட்சர்களாக இருந்தவர்கள் தினமும் வந்து, தினமும் தேய்ந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் டிசம்பரில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் விடுப்பில் போனால் என்ன நடக்குமோ அதுதான். அதோடு, எட்டாவது இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த ஒரு ஆட்டத்தைக்கூட அந்த வருடம் மீட்டு வெல்லவில்லை. ஒன்றுகூட இல்லை. நான் கடைசி இன்னிங்ஸைப் பார்க்காமல் சாமான் தேய்க்கப் போய்விடுவேன், எதையும் இழந்ததில்லை.

பணத்தால் எதுவும் ஆகாது என்று சொல்லி ஆறுதல் அடையவும் முடியவில்லை. எங்களைவிட அதிகம் செலவழித்த டாட்ஜர்ஸ் அந்த வருடமும் கோப்பையை வாங்கியது. வீட்டுக்காரரை ஒன்பது வயதில் விட்டுப்போன அதே டாட்ஜர்ஸ். இந்தப் பக்கம் சிக்கனமாக நடத்தப்படும் மில்வாக்கி 97 வெற்றியோடு லீக்கிலேயே முதலிடம். பணக்காரனும் ஜெயிக்கிறான், ஏழையும் ஜெயிக்கிறான். கோஹன் ரசிகர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர்தான் போலிருக்கிறது. 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த வருடம் மைதானத்துக்கு வந்து போனார்கள். அதில் நானும் என் மகனும் நான்கு முறை.

அந்த நான்கில் ஒன்று ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. ஏழாம் எண் ரயிலில் நின்றுகொண்டே போனோம். அணி அப்போது தோற்றுத் தோற்றுத் துவண்டிருந்தது. மைனர் லீக்கிலிருந்து அன்றுதான் வந்திருந்த நோலன் மெக்லீன் என்ற இளைஞர் சியாட்டிலுக்கு எதிராகப் பந்து எறிந்தார். ஒரு இக்கட்டில், தன்னைத் தாண்டிப் போக இருந்த பந்தை முதுகுக்குப் பின்னால் கையுறையை நீட்டிப் பிடித்து, திரும்பி எறிந்து, இரண்டு பேரை அவுட்டாக்கினார். நான் எழுந்து நின்று கத்தினேன். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பாட்டி என் தோளைப் பிடித்து உலுக்கினார். மெக்லீன் ஐந்து இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ரயிலில் திரும்பும்போதுதான் கவனித்தேன்: மூன்று மணி நேரமாக எனக்குள் மீட்டர் ஓடவில்லை. லீக்கின் குறைந்தபட்ச வருடச் சம்பளம் 7,60,000 டாலர், புதிதாக வருபவர்களுக்கு அந்த விகிதம்தான் என்று மகன் சொன்னான். கேட்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

குளிர்காலத்தில் வீடு கலைந்தது. பிரான்டன் நிம்மோ டெக்சாஸுக்கு. டியாஸ் டாட்ஜர்ஸுக்கு. அலோன்சோ பால்டிமோருக்கு, 5 வருடம், 15.5 கோடி. அவ்வளவு பணம் வைத்திருந்தும் அவரை வைத்துக்கொள்ளவில்லை. ரெயஸ் போன அன்று இருந்த சாக்கு இந்த முறை இல்லை. மகனிடம் அலோன்சோ பெயரும் 20ஆம் எண்ணும் போட்ட சட்டை இருக்கிறது. பழைய துணிக்குப் போடட்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அலமாரியை மூடினான்.

சோட்டோவின் ஒப்பந்தம் 2039 வரை. என் வேலை அதற்கு முன்பே முடிந்துவிடும். பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் ஃபுளோரிடாவில் போர்ட் செயின்ட் லூசிக்குப் போய்ச் சேர்வார்கள். கீழ்வீட்டில் ரேடியோவுக்குப் புதிய பாட்டரி வாங்கி வைத்தாகிவிட்டது. மகன் அடுத்த சீசன் வீரர்களின் சம்பளத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக ஒரு தாளில் அடுக்கி எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறான். மெக்லீன் கடைசியில் இருக்கிறார். நேற்று அதன் மேல் மளிகைச் சீட்டை வைத்து, அவர் பெயர் மட்டும் கீழே தெரிகிற மாதிரி காந்தத்தை நகர்த்தினேன். உளுந்து, வரமிளகாய், கொண்டைக்கடலை.